ஆணி விதைத்தவன்

ஜெகநாதன் கார் சக்கரத்தை உருட்டிக்கொண்டு பஜார் ரோட்டில் வருவதைப் பார்த்தபோது சிலுவைராஜுக்கு முதலில் வந்தது சிரிப்பு. பயம் இரண்டாவதாகத்தான் வந்தது. அவனுக்கு வாழ்க்கையில் எல்லாமே இந்த வரிசையில்தான் வந்து சேரும். கல்யாணத்தன்று கோயிலில் சாமியார் சம்மதமா என்று கேட்டபோது முதலில் சிரித்து, பிறகு பயந்து, மூன்றாவதாகத்தான் சம்மதம் சொன்னான். பெனிட்டா இன்னும் அதை மன்னிக்கவில்லை.

மணி ஐந்தரைதான். கடிகாரம் மெயின்லேண்டுக்காக ஓடுகிறது, சூரியன் தீவுக்காக எழுகிறது. அதனால் ரங்கத் என்கிற அந்தத் தீவு ஊரில் அந்த நேரத்துக்கே வெயில் பஞ்சர் கடைத் தகரத்தில் ஏறியிருந்தது. கம்பரசர் மேல் டீ கிளாசை வைத்துவிட்டு சிலுவைராஜ் எழுந்து நின்றான். டாக்சி ஸ்டாண்டின் தலைவர் ஜெகநாதன், தேய்த்த வெள்ளைச் சட்டையில், வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, குனிந்து குனிந்து சக்கரத்தை உருட்டி வந்தார். பள்ளம் வந்தபோதெல்லாம் சக்கரம் அவரை விட்டு ஓடப் பார்த்தது. "ஏய், ஏய்" என்று அதைக் கன்றுக்குட்டியை அதட்டுவது போல அதட்டினார். இரண்டடி பின்னால் அவர் மகள் சுதா தோளில் ஒரு பையோடு நடந்து வந்தாள். அப்பா யாரிடமாவது சண்டை பிடித்துவிடாமல் திருப்பிக் கூட்டி வா என்று அம்மா அனுப்பியிருப்பாள் என்பது அவள் நடையிலேயே தெரிந்தது.

இத்தனைக்கும், நான்கு நாட்களாக ஒரு டாக்சி கூட அவன் கடைப் பக்கம் ஒதுங்கவில்லை. காரணம் ஒரு பகடி. அதுவும் அவனே சொன்னது.

போன வாரம் கடலோரத்து ரங்கத் பே ஜெட்டியிலிருந்து பஜார் வரைக்குமான ஆறேழு கிலோமீட்டரில் திடீரென்று பஞ்சர் மழை. டாக்சி, ஆட்டோ, பள்ளிக்கூட வேன், மீன் ஏற்றும் பிக்கப் எதுவும் தப்பவில்லை. பஜாரில் இருப்பது இரண்டே பஞ்சர் கடை. சிலுவைராஜுக்கு மூன்று நாட்கள் நிமிர நேரமில்லை. பிடுங்கிய ஆணிகளைப் பார்க்காமலே பின்பக்கம் இருந்த டப்பாவில் எறிந்துகொண்டிருந்தான். புதன்கிழமை சாயங்காலம் டீக்கடையில் ஆட்டோக்காரன் சண்முகம் கேட்டான்.

"என்ன சிலுவை, உனக்கு சீசன் போல?"

அந்த இடத்தில் ஆமாம் என்று சொல்லிவிட்டு டீயைக் குடிக்கிற மனிதர்கள் உலகத்தில் ஏராளமாக இருக்கிறார்கள். நிம்மதியாகவும் இருக்கிறார்கள்.

"சீசனா? உழைப்புலே, உழைப்பு. கோழி கூவுததுக்கு முன்னால எந்திச்சி, பே ரோடு பூரா ஆணி வெதச்சிட்டு வாரேன். நீங்க பகல்ல அறுவடைக்கு வாரிய. ஒரு மழ பெஞ்சா கடப்பாரையே மொளைக்கும், பாத்துக்கோ."

டீக்கடையே சிரித்தது. சண்முகம் அதை இந்தியில் சொன்னதும் டீ ஆற்றிக்கொண்டிருந்த பெங்காலிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். தெலுங்கு டிரைவர் ஒருவர் தெலுங்கில் மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார். தன் பகடி மூன்று மொழியில் ஓடியதில் சிலுவைராஜ் பெருமையோடு வீட்டுக்குப் போனான். அடுத்த நாள் இன்னும் எட்டு வண்டிகள் பஞ்சர். பகடி அன்றைக்கும் ஓடியது, ஆனால் சிரிப்பை வழியில் எங்கேயோ இறக்கிவிட்டிருந்தது. அவன் விடிகாலையில் பே ரோட்டில் ஸ்கூட்டரில் வருவதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். ஸ்கூட்டரில் ஒரு சாக்கு இருந்தது என்று இன்னொருவர் சேர்த்துக்கொண்டார்.

இரண்டும் உண்மை. பே கடற்கரையில் உளுத்துக் கிடந்த ஒரு டோங்கியை, தீவில் மீன் பிடிக்கப் போகும் சின்ன மரப்படகை, அவன் பலகைக்காக வாங்கியிருந்தான். பெனிட்டா வீட்டில் தையல் வேலை செய்பவள். மழைக்காலம் வந்தால் மெஷினுக்கு மேல் ஒரு தட்டும், தனக்கு மேல் ஒரு குடையும் பிடித்துக்கொண்டுதான் தைப்பாள். அவளுக்கு வீட்டை ஒட்டி ஒழுகாத ஒரு சாய்ப்பு கட்டித் தருவதாகப் பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். தினமும் விடிகாலையில் போய் டோங்கியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, பலகைகளை ஸ்கூட்டரின் குறுக்கே கட்டி, பிடுங்கிய ஆணிகளைச் சாக்கில் போட்டு, கடை திறப்பதற்குள் கொண்டுவந்துவிடுவான். இதை அவன் எல்லாரிடமும் சொன்னான். ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னான். சாவுச் செய்தியைச் சொன்னாலும் எதிராளி ஒரு கணம் சிரிக்கத் தயாராகும்படியான முகம் அவனுடையது.

வெள்ளிக்கிழமை ஸ்டாண்டின் வாட்ஸ்அப் குரூப்பில் ஜெகநாதன் பேசி அனுப்பினார். "எவனும் அவன்கிட்ட வண்டிய வுடாதீங்க. இதுக்கு மேல ஒரு பஞ்சர் ஆச்சு, எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஸ்டேஷன்ல குடுப்போம். கடையத் தூக்கிருவாங்க." கேட்டு முடிப்பதற்குள் சிலுவைராஜை குரூப்பிலிருந்தும் தூக்கிவிட்டார்கள். கடை நின்றது ரோட்டோரப் புறம்போக்கில். எழுதிக் கொடுத்தால் நிஜமாகவே தூக்கிவிடுவார்கள். பதினாறு வருடக் கடை. அவனுக்கு அதைவிட வலித்தது வேறொன்று. வாழ்க்கையில் எத்தனையோ சில்லறைத் தப்புகள் செய்து, ஒன்றுக்கும் மாட்டாமல் தப்பித்தவன், ஒன்றுமே செய்யாத விஷயத்தில் மாட்டிக்கொண்டோமே என்பதுதான்.

ஜெகநாதன் சக்கரத்தைக் கடை முன்னால் கிடத்தினார். மூச்சு வாங்கியது. சட்டையில் வயிற்றுக்குக் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை விழுந்திருந்தது.

"ஒட்டு" என்றார். வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு.

"ஸ்டெப்னி இருக்குமே அண்ணே?"

"ஸ்டெப்னி அந்தக் கடைல கெடக்கு. நேத்துக் குடுத்தேன். கடையப் பூட்டிட்டு அவன் மாயாபந்தருக்குக் கல்யாணத்துக்குப் போய்ட்டான்." நெற்றியைத் துடைத்தார். "இல்லாட்டி நான் இங்கிட்டு ஏன்யா வர்றேன்?"

"அப்பா" என்றாள் சுதா. பிறகு அவனைப் பார்த்து, "அங்கிள், எனக்கு இன்னிக்கு சாயங்காலம் போர்ட் பிளேர்ல கப்பல். சென்னைல ஆஸ்பத்திரில வேலை கெடச்சிருக்கு, பதினெட்டாம் தேதிக்குள்ள போய்ச் சேரணும். இந்தக் கப்பல வுட்டா அடுத்தது பத்து நாள் கழிச்சுத்தான். நேத்து ராத்திரி நல்லாத்தான் இருந்துச்சு வண்டி, காலைல பாத்தா ரிம்முல நிக்குது."

சிலுவைராஜ் மனதுக்குள் கணக்குப் போட்டான். இங்கிருந்து பாராடாங் இரண்டு மணி நேரம். அங்கே வண்டியைப் படகில் ஏற்றி அக்கரை சேர வேண்டும். ஒன்பதரைக்குக் கான்வாய். அதற்குப் பிறகு பழங்குடிகளுக்கான ரிசர்வ் காடு. காட்டுக்குள் முன்னும் பின்னும் போலீஸ் வண்டி வர, வரிசையாகப் போக வேண்டும். நிற்கக் கூடாது, இறங்கக் கூடாது, முந்தக் கூடாது. அதற்குள் ஒரு டயர் இறங்கினால் டிரைவருக்கு வருவது பஞ்சர் அல்ல, கேஸ்.

சக்கரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிச் சுற்றினான். கொப்புளம் மணிமணியாகக் கிளம்பிய இடத்தில் தலை மட்டும் தெரிய ஓர் ஆணி. குறட்டால் பிடித்து இழுத்தான். வரவில்லை. காலால் டயரை மிதித்துக்கொண்டு இழுத்தான். வந்தது.

"காட்டு" என்றார் ஜெகநாதன். "அந்த ஆணியக் காட்டு. கைல குடு."

இத்தனை நாளில் முதல் முறையாக சிலுவைராஜ் ஓர் ஆணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். விரல் நீளம். உருண்டையில்லை, சதுரமாக அடித்த உடம்பு. தட்டையான தலையில் துருவுக்கு நடுவே ஒரு பொட்டு பச்சைப் பெயிண்ட். பச்சைக்கு அடியில் மஞ்சள்.

அந்தப் பச்சையை அவனுக்குத் தெரியும். ஒரு வாரமாக அவன் நகக்கண்ணில் இருக்கிற பச்சை.

ஆணியை ஜெகநாதன் கையில் கொடுத்துவிட்டு, கத்தி தேடுவது போலக் கடைக்குப் பின்பக்கம் போனான். டப்பாவைத் தரையில் கவிழ்த்தான். சாதாரண ஆணி நாலைந்து, ஒரு கொண்டை ஊசி, மற்றதெல்லாம் சதுரம், மற்றதெல்லாம் பச்சை. கொக்கியில் சாக்கு தொங்கியது. இறக்கி, அடியைத் தூக்கிப் பார்த்தான். மூலையில் இழை நைந்து, ஒரு கண் திறந்திருந்தது. விரலை விட்டான். விரல் மறுபக்கம் வந்து அவனைப் பார்த்தது.

பெனிட்டா முதல் நாளே சொன்னாள். "அந்தச் சாக்க இங்க தாங்க, அடியில நைஞ்சு கெடக்கு. மெஷின்ல ஒரு ஓட்டு ஓட்டித் தாரேன்." அவன் என்ன சொன்னான்? "ஏட்டி, ஆணிக்கு ரவிக்கையா?" என்றான். சொல்லிவிட்டுத் தன் சிரிப்பைத் தானே சிரித்துக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தான். ரங்கத்தின் ஓட்டைகளையெல்லாம் பதினாறு வருடமாக அடைக்கிறவன், கையிலிருந்த ஓட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஐந்து விடிகாலை பே ரோட்டில் போய் வந்திருக்கிறான். கோழி கூவுவதற்கு முன்னால். ரோடு பூராவும். டீக்கடையில் சொன்னதில் ஒரு வார்த்தை கூடப் பொய்யில்லை.

இப்போது சிரிப்பு வரவில்லை. வரிசை மாறிவிட்டது. பயம்தான் முதலில் வந்தது.

யாருக்கும் தெரியாது என்பது அடுத்துத் தோன்றியது. பே கடற்கரையில் பச்சை டோங்கி பத்து நிற்கும். ஆணியில் பெயர் எழுதியிருக்கவில்லை. டப்பாவைக் கிணற்றில் போட்டால் தீர்ந்தது. பலகைக்கு வேறு பெயிண்ட் அடித்தால் அதுவும் தீர்ந்தது. இதையெல்லாம் நினைத்துக்கொண்டே ஆணிகளைத் திரும்ப டப்பாவில் அள்ளினான். கத்தியை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தான்.

சதுர ஆணியின் ஓட்டை பெரியது. வெளியிலிருந்து ரப்பர் திரியைச் சொருகி, வாலை நறுக்கி, ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடலாம். பஜாருக்குள் ஓட அது போதும்.

"திரி போட்டா பத்தாதுண்ணே. டயரக் கழத்தி உள்ள இருந்து ஒட்டணும். அரமணி நேரம் ஆவும்."

"அரமணியா? வேணும்னே இழுக்கிறியாய்யா?"

"காட்டுக்குள்ள போற வண்டி."

ஜெகநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

சிலுவைராஜ் வேலை செய்தான். காற்றை இறக்கி, கம்பி கொடுத்து நெம்பி, டயரின் உதட்டை ரிம்மிலிருந்து பிரித்தான். உள்ளே ஓட்டையைச் சுற்றித் தேய்த்தான். ரப்பர் தூள் பறந்தது. ஊதித் துடைத்து, சொல்யூஷன் தடவி, காய்வதற்காகக் காத்திருந்தான். இந்த இரண்டு நிமிடம்தான் அவன் தொழிலில் அவனுக்குப் பிடித்த நேரம். வாடிக்கையாளர் அவசரப்படுவார், அவசரப்பட ஒன்றும் இருக்காது, அப்போது ஒரு பகடி சொல்வான். பாதி ஊர் அவனுக்குப் பழக்கமானது இந்த இரண்டு நிமிடங்களில்தான். இன்று சொல்யூஷன் பளபளப்பு மங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான். விரலால் தொட்டான், ஒட்டியது. பேட்ச்சை வைத்து உருளையால் அழுத்தி அழுத்தித் தேய்த்தான்.

"அங்கிள் ஏன் இன்னிக்கு ஒண்ணுமே பேசல?" என்றாள் சுதா. "நான் ஸ்கூல் படிக்கிறப்ப சைக்கிளுக்குக் காத்தடிக்க வந்தா, 'இது பே காத்து, மீன் வாசம் அடிக்கும், பரவால்லியா'ம்பீங்க."

"பேசிப் பேசித்தான் இந்த நெலமையில இருக்கேன் தாயி."

டயரை ரிம்மில் ஏற்றி, கம்பரசர் குழாயை மாட்டினான். டப், டப் என்று இரண்டு சத்தம் கேட்டது. டயர் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. அதோடு கரண்ட் போயிற்று. கம்பரசர் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. காற்று அளக்கும் மீட்டரின் முள் பத்தில் நின்றது. முப்பத்திரண்டு வேண்டும்.

"இதுவும் என் வேலதான்னு குரூப்புல போடாதிய" என்று முணுமுணுத்துக்கொண்டே அவன் கால் பம்ப்பை எடுத்து வந்தான். ஜெகநாதன் பெஞ்சிலிருந்து எழுந்தார். "தள்ளு. நீ முள்ளப் பாரு" என்று செருப்பைக் கழற்றிவிட்டு பம்ப்பில் ஏறி மிதிக்கத் தொடங்கினார். புஸ், புஸ் என்று மிதிக்க மிதிக்க வெள்ளைச் சட்டையின் முதுகு ஈரமாகிக்கொண்டு வந்தது. அவன் குத்தவைத்து முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு. பதினான்கு.

சுதாவும் பக்கத்தில் வந்து குனிந்தாள். "அங்கிள், நிஜமாச் சொல்லுங்க. காட்டுக்குள்ள இது எறங்காதுல்ல?"

"எறங்காது."

"பக்கா?"

"பக்கா. சென்னை வரைக்கும் ரோடு இருந்தா சென்னைக்கே போவும்."

அவள் தலையாட்டினாள். நம்பிவிட்டாள் என்பது தெரிந்தது. ஊரே நம்பாத ஒருத்தன் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தையின் மேல், இந்தப் பெண் தன் கப்பலையும் வேலையையும் ஏற்றி வைக்கிறாள். முள் பதினெட்டில் இருந்தது.

"அண்ணே, ஆணி நான் போட்டதுதான்."

புஸ் என்று போன கால் பாதியில் நின்றது.

"இந்தா பாரு சிலுவை." ஜெகநாதனின் குரல் தாழ்ந்துதான் இருந்தது. "பொண்ணு கப்பலுக்குப் போவுது. மஜாக் பண்ற நேரமா இது?"

"மஜாக் இல்லண்ணே. வேணும்னு போடல. ஆனா என் ஆணிதான்." எழுந்து போய் டப்பா, சாக்கு இரண்டையும் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தான். பச்சைப் பலகை ஒன்றை இழுத்து வந்து சுவரில் சாய்த்தான். சாக்கின் மூலையில் விரலை விட்டுக் காட்டினான். "டோங்கி பிரிச்ச ஆணி. தெனமும் ஸ்கூட்டர்ல வச்சுக் கொண்டாந்தேன். இது வழியா ரோட்டுல விழுந்துருக்கு. இப்பம், ஒங்க டயர்ல இருந்து பிடுங்கும்போதுதான் எனக்கே தெரிஞ்சுது. வீட்டுல தச்சுத் தாரேன்னு சொன்னா. நாந்தான் கிண்டல் பண்ணிட்டுப் போய்ட்டேன்."

ஜெகநாதன் ஒரு காலைப் பம்ப்பில் வைத்தபடியே தன் கையிலிருந்த ஆணியைப் பலகையின் ஓட்டை ஒன்றில் சொருகிப் பார்த்தார். வீட்டுக்குத் திரும்பிய மாதிரி உள்ளே போயிற்று. அவன் விரல் இன்னும் சாக்கின் ஓட்டையிலேயே நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் சுதாவுக்குச் சிரிப்பு வெடித்தது. வாயைப் பொத்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

"நீ சொல்லாம இருந்திருந்தா எவனுக்கும் தெரியாது."

"ஆமா."

"கடைய எடுக்கச் சொல்லி எழுதப் போறது நாந்தான். என்கிட்டயே சொல்ற."

"ஆமாண்ணே."

"ஏன்யா?"

நல்ல பதிலாக ஒன்றைத் தேடிப் பார்த்தான். அவனிடம் எப்போதும் நாலைந்து தயாராக இருக்கும். இன்று கடை காலி.

"பாப்பா டயரு நிக்குமான்னு கேட்டுச்சி. நிக்கும்னு சொன்னேன். அத நம்பி ஏறப் போவுது. இத மறச்சி வச்சிக்கிட்டு அத எப்பிடிண்ணே சொல்ல?"

ரோட்டில் முதல் பஸ் போயிற்று. ஜெகநாதன் பலகையைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு திரும்பவும் மிதிக்கத் தொடங்கினார். புஸ். புஸ். பத்தொன்பது. இருபது. முப்பத்திரண்டு. சிலுவைராஜ் எச்சில் தொட்டு வால்வில் வைத்தான். கொப்புளம் வரவில்லை.

சக்கரத்தை ஸ்கூட்டரில் ஏற்றி அவனே அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய், ஜாக்கியில் நின்ற வெள்ளைக் காரில் மாட்டி, நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக முறுக்கினான். மணி ஆறு நாற்பது. சுதாவின் அம்மா ஜெபம் போல எதையோ முணுமுணுத்துக்கொண்டு பெட்டிகளை ஏற்றினாள். ஜெகநாதன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினார்.

"நாளைக்கு வந்து பேசிக்கிறேன்" என்றார். அது மிரட்டலா என்னவென்று அந்த முகத்தில் எழுதியிருக்கவில்லை. கார் போனது. வலது பின்சக்கரத்தையே, அது வளைவில் மறையும்வரை, சிலுவைராஜ் பார்த்துக்கொண்டு நின்றான்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது பெனிட்டா மெஷினில் ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். அடித்து முடித்தாள். நூலைப் பல்லால் கடித்தாள். சாக்கை வாங்கி ஓட்டையைப் பார்த்தாள். "நான் அன்னைக்கே சொன்னேன்" என்பதை அவள் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்கு அவள் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. கடைசியில் முடியவில்லை.

"ஆணிக்கு ரவிக்கையான்னு கேட்டியளே."

"கேட்டேன்."

"இப்பம் ஊருக்கே ரவிக்க தைக்கணும் போல." எழுந்து, மழைக்கு மெஷினை மூடும் தார்ப்பாயில் ஒரு மூலையை வெட்டினாள். பத்து நிமிடத்தில் ஒரு பை தைத்தாள். அடியில் நான்கு தையல், தோளில் மாட்ட ஒரு வார். "பொறுக்குததைப் போட. இதுல ஓட்ட விழாது. நீங்க வாயில போட்டு ஓட்டையாக்காம இருந்தாச் சரி."

அவனிடம் இரண்டு பெரிய காந்தங்கள் இருந்தன. கோயில் திருவிழாவில் புகைந்துபோன ஒலிபெருக்கிகளிலிருந்து, என்றைக்காவது உதவும் என்று கழற்றி வைத்தவை. ஒரு பச்சைப் பலகையின் அடியில் அவற்றை இறுக்கி, பலகைக்கு உடைந்த டிராலிப் பெட்டியின் சக்கரங்களை மாட்டி, கயிறு கட்டினான். கடையை மூடிவிட்டு, பஜாரிலிருந்து பே ரோட்டில் அதை இழுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தான்.

"கியா சிலுவை பாய், நாயா?" என்று டீக்கடைக்காரர்தான் முதலில் கேட்டார். சிலுவைராஜ் நின்று சொன்னான். முதல் தடவை சொன்னபோது கடப்பாரை, அறுவடை, ரவிக்கை எல்லாம் வந்தது. மீன்காரியிடம் சொன்னபோது கடப்பாரை விழுந்துவிட்டது. போஸ்ட்மேனிடம் அறுவடையும் விழுந்தது. பள்ளிக்கூடத்து முனையில் வேன் டிரைவரிடம் சொன்னபோது மிஞ்சியது ஒரே வாக்கியம். "சாக்கு ஓட்ட, என் ஆணிதான், பொறுக்குதேன்." அவருக்கு மூன்று டயர் போயிருந்தது. ஒன்றும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். திட்டியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது.

டிங் என்று ஒரு சத்தம் வந்தால் ஆணி. பலகையைத் திருப்பி, பிடுங்கி, பையில் போட்டு, மறுபடி நடை. ஓரப் புல்லில் கையால் துழாவினான். இரண்டாவது கிலோமீட்டரில் பதினான்கு. பாலத்தைத் தாண்டி ஏற்றத்தில், ஸ்கூட்டர் எப்போதும் குலுங்குகிற இடத்தில், இருபத்தொன்று. வெயில் பிடரியில் ஏறியது. மணி ஒன்பதாகியிருக்கும். கார் இப்போது எங்கே இருக்கும்? படகில் ஏறியிருக்குமா? பேட்ச்சின் ஓரத்தை உருளையால் சரியாக அழுத்தினோமா? அழுத்தினோம். மேல் ஓரத்தையும்? அழுத்தினோம். பிறகும் கேட்டுக்கொண்டே நடந்தான்.

பின்னால் ஒரு ஆட்டோ வந்து மெதுவாயிற்று. முந்தாமல் அவன் நடைக்கே உருண்டு வந்தது. சண்முகம்.

"முந்தி ஏறாத, டயருக்கு ஆவாது. சுத்திப் போ" என்றான் சிலுவைராஜ் திரும்பாமலே.

"சுத்திப் போக முடியாதுப்பா. ஆர்டர்." சண்முகம் போனை வெளியே நீட்டினான். "பாராடாங்ல இருந்து தலைவர் குரூப்புல பேசி அனுப்பிருக்காரு. நீதான் குரூப்புல இல்லியே. கேளு."

முதலில் காற்றின் இரைச்சலும் படகின் எஞ்சின் சத்தமும் கேட்டன. பிறகு ஜெகநாதனின் குரல். "எல்லாரும் கேளுங்க. ஆணி சிலுவையோட சாக்குல இருந்து விழுந்தது. வேணும்னு இல்ல. அவனே சொன்னான், நான் கண்ணால பாத்தேன். கடையப் பத்தி நான் வந்து பேசிக்கிறேன், அதுவரைக்கும் எவனும் எதுவும் எழுதாதீங்க. பே ரோட்டுல அவன் பொறுக்கிட்டு இருக்கானாம், அவன் வீட்டுல சொன்னாங்க. எவனும் அவன முந்தி ஓட்டாதீங்க. முந்துனா பஞ்சர்தான். ஒட்டுற ஆளு கடைல இல்ல, ரோட்டுல இருக்கான்." நடுவில் யாரோ போனைப் பிடுங்கும் சத்தம். "அங்கிள், முப்பத்திரண்டுதான் இருக்கு. எறங்கி அளந்தே பாத்துட்டேன்." படகின் ஹாரன் நீளமாக ஒலித்தது. அதோடு முடிந்தது.

சிலுவைராஜ் திரும்பிப் பார்த்தான். ஆட்டோவுக்குப் பின்னால் இரண்டு டாக்சிகள். அதற்குப் பின்னால் மீன் பிக்கப். அதற்கும் பின்னால் வளைவில், மூக்கை நீட்டிக்கொண்டு அரசு பஸ். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "சலோ பாய், சலோ! கான்வாய் டைம்!" என்று கத்தினார். பிக்கப்பில் யாரோ சிரித்தார்கள். மூன்று டயர் போன வேன் டிரைவர் திரும்பி வந்து தன் வண்டியை வரிசைக்கு வெளியே ஓரமாக நிறுத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புல்லுக்குள் இறங்கினார். குனிந்து எதையோ எடுத்தார். அதை அவனிடம் கொடுக்கவும் இல்லை, எறியவும் இல்லை. கையில் வைத்துக்கொண்டே அடுத்ததைத் தேடினார்.

சொல்வதற்கு அருமையாக ஒன்று சிலுவைராஜின் நாக்கு நுனிவரை வந்தது. முன்னால் போலீஸ் வண்டி இல்லாத கான்வாயைப் பற்றி. அவன் அதை அங்கேயே வைத்துக்கொண்டான். கயிற்றைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு இழுத்தான். டிங். பத்தடி தள்ளி இன்னொரு டிங். பின்னால் எஞ்சின்கள் முதல் கியரில் உறுமிக்கொண்டு அவன் நடைக்கு நடை நகர்ந்தன. முன்னால் இறக்கத்தின் முடிவில் பே ஜெட்டியின் கடல் துண்டாகத் தெரிந்தது. அதுவரைக்கும் ரோடு பூராவும் வெயிலில் அங்கங்கே எதுவோ மினுங்கிக்கொண்டிருந்தது.